மணி அடித்தால் நெட் போகிறது: ஃபயர்வால் ஜோடிக்கு எந்த வழி சரி?

"மணி அடிச்சா கார்டு மெஷின் நிக்குதுண்ணே" என்று ரிசப்ஷன் பையன் சொன்னபோது சிரித்துவிட்டேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, இப்போது ஹோட்டல். வளவில் ஊசல் கடிகாரம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எட்டு அடித்ததும் கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும், விருந்தாளியின் வீடியோ கால் உறையும், அரை நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஒன்பது அடித்தால் மறுபடியும் அதே கதை. மூன்றாம் நாள் நானே கடிகாரத்தின் கீழ் உட்கார்ந்து பார்த்தேன். பையன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அந்த வீட்டில் இரண்டு ஃபயர்வால் இருக்கிறது, அதாவது வெளி இணையத்துக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கும் நடுவே காவல் நிற்கும் பெட்டிகள். ஒன்று முகப்பை ஒட்டிய அறையில், இன்னொன்று இரண்டாங்கட்டில். ஒன்று படுத்தால் மற்றொன்று எழுந்து நிற்க வேண்டும். செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் கடையை நடத்தியவர் மேலாள், அவருக்கு அடுத்து அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். எங்கள் பெட்டிகளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டேன். பிரைமரி, செகண்டரி என்று சொன்னால் மேனேஜருக்கு மறந்துபோகும். மேலாள், அடுத்தாள் என்றால் மறக்காது.

மேலாளில் ஒரு விதியை மாற்றினால் அடுத்தாளுக்கும் அது போய்ச் சேர வேண்டும். இதுதான் கான்ஃபிக் சிங்க். மணிக்கு ஒரு முறை தானாக ஓடும்படி நான்தான் வைத்திருந்தேன். ஆகவே கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் சிங்க் நடக்கும்போது இன்டர்ஃபேஸ், அதாவது பெட்டியில் கேபிள் செருகும் வாய், ஏன் விழ வேண்டும்? இதற்கு ஐந்து வழி சொல்வார்கள்: தனிக் கேபிள் போடு, தானியங்கி சிங்கை நிறுத்து, சிங்க் செய்வதைக் குறை, ஸ்விட்சையும் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) நெட்வொர்க் கார்டையும் பார், இல்லையென்றால் ஜோடியே வேண்டாம் என்று விட்டுவிடு. எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரியான பதில்தான். எது நமக்கு என்பது, விழுந்தது எது என்று தெரிந்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜோடிக்குள் மூன்று தனித்தனிப் பேச்சு நடக்கிறது. ஒன்று கான்ஃபிக் சிங்க், அதாவது விதிகளின் நகல். இரண்டாவது பிஎஃப்சிங்க், இந்த நிமிஷம் திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலை மேலாள் விடாமல் அடுத்தாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது. முதலாவது பேரேடு என்றால் இது நாளேடு. மூன்றாவது கார்ப். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று மேலாள் வினாடிக்கு ஒரு முறை கொடுக்கும் குரல். இந்தக் குரல் சிங்க் கேபிள் வழியாகப் போவதில்லை. பொது முகவரி (இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒன்று, பொறுப்பில் இருப்பது அதற்குப் பதில் சொல்லும்) எந்தெந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறதோ, அந்த லேன் (வீட்டு நெட்வொர்க்), வேன் (இணையப் பக்கம்) வழியாகவேதான் போகிறது. அடுத்தாள் காதில் மூன்று குரல் தொடர்ந்து விழவில்லை என்றால் தானே மேலாள் இடத்தில் உட்கார்ந்துவிடும். வழக்கமான அமைப்பில், அதாவது மேலாளுக்கு ஸ்கியூ (முன்னுரிமை எண், சிறியதே முந்தும்) 0, அடுத்தாளுக்கு 100 என்றால், இதற்கு மூன்றரை வினாடிக்கும் குறைவாகத்தான் ஆகும்.

எனவே நெட் எவ்வளவு நேரம் போகிறது என்பதே பாதி விடை. மூன்று நான்கு வினாடி என்றால் கார்ப் கைமாறியிருக்கிறது. அரை நிமிஷம் என்றால் ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வட்டம் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கும் நிலை 15 வினாடி, கற்கும் நிலை 15 வினாடி, கூட்டினால் முப்பது. அதற்கும் மேலே இழுத்தால் வேன் பக்கம் இணைப்பு அறுந்து மறுபடி டயல் ஆகிறதா என்று பார்க்கலாம்.

எங்களுடையது அரை நிமிஷம். லேப்டாப்பில் மூன்று ஜன்னல் திறந்து மூன்று முகவரிக்குப் பிங் ('இருக்கிறாயா?' என்ற சிறு கேள்வி) விட்டேன்: எல்லோரும் கேட்வேயாகப் (வெளியே போகும் வாசலாகப்) பயன்படுத்தும் பொது முகவரி, மேலாளின் சொந்த முகவரி, அடுத்தாளின் சொந்த முகவரி. மணி அடித்தது. முதலில் அடுத்தாள் போனது. மேலாள் ஒரு பிங்கைக்கூட விடவில்லை. இருபது வினாடி வரை பொது முகவரியும் நன்றாகவே பதில் சொன்னது. அப்புறம்தான் தள்ளாட ஆரம்பித்தது, ஒன்று வரும், இரண்டு வராது. மேலாள் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் மேலாளிடம் இருக்கும் பொது முகவரி ஆடுகிறது. கொஞ்ச நேரம் புரியவே இல்லை.

அடுத்தாளின் லாகை (அது எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பை) படித்ததும் புரிந்தது. சிங்க் முடிந்த கையோடு சேவைகள் எல்லாம் மறுதொடக்கம் ஆகின்றன. அவற்றில் ஊடுருவல் கண்காணிப்பும் ஒன்று. அதை நான் இன்லைன் முறையில், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டும் (தகவல் துண்டு) அதன் வழியாகவே போகும்படி, வைத்திருந்தேன். அந்த முறை நெட்மேப் என்ற நிரல் வழியாக நெட்வொர்க் கார்டையே கையில் எடுத்துக்கொள்ளும். மறுதொடக்கம் என்றால் கார்டை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். அந்த இடைவெளியில் லேன் கார்டின் லிங்க் (கேபிள் இணைப்பு) டவுன், சில வினாடியில் அப். சரி, அப் ஆகிவிட்டதே, பிறகென்ன? ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை உடனே திறக்கவில்லை. முதல் 15 வினாடி இரு திசையும் அடைப்பு. அடுத்தாளுக்கு மேலாளின் குரல் கேட்கவில்லை, "மாஸ்டர் டைம்ட் அவுட்" என்று எழுதிவிட்டுத் தானே மாஸ்டர் (பொறுப்பில் இருப்பது) ஆகி, பொது மேக் முகவரியோடு (பொது முகவரிக்கு உரிய கார்டு எண்) குரல் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த 15 வினாடிதான் விஷம். கற்கும் நிலையில் ஸ்விட்ச் எதையும் கடத்தாது, ஆனால் எந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அடுத்தாள் கத்தும்போது "பொது மேக் இரண்டாங்கட்டில்" என்று குறிக்கும், மேலாள் கத்தும்போது "இல்லை, முகப்பில்" என்று திருத்தும். அடுத்தாள் பக்கம் குறித்திருக்கும் நேரத்தில் வந்த பாக்கெட் எல்லாம் அடைத்த கதவில் முட்டி விழும். முப்பதாவது வினாடியில் கதவு திறந்ததும் அடுத்தாளுக்கு மேலாளின் குரல் கேட்கிறது, "மோர் ஃப்ரீக்வென்ட் அட்வர்டைஸ்மென்ட் ரிசீவ்ட்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மரியாதையாக இறங்கிக்கொள்கிறது.

சரி, இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை? ஐப்பசியில் ஒரு இடி விழுந்து பழைய ஸ்விட்ச் கருகிப்போனது. அது சாதாரண ஸ்விட்ச், ஸ்பானிங் ட்ரீ எல்லாம் அதற்குத் தெரியாது. லிங்க் வந்ததும் கதவைத் திறந்துவிடும். அடுத்தாள் ஒவ்வொரு மணிக்கும் தும்மியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நான் வாங்கி மாட்டிய புதியது மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது), ஸ்பானிங் ட்ரீ ஓடிக்கொண்டே வந்தது. விலை கூடிய சாமான் வாங்கினால் பிரச்சினை குறையும் என்று நினைத்தது என் தப்பு.

இனி வழிகளுக்கு வருவோம்.

சிங்குக்குத் தனிக் கேபிள் என்பதைத்தான் கடைக்காரர் முதலில் சொல்வார். நல்ல வழிதான், செய்ய வேண்டியதும்கூட. பிஎஃப்சிங்கில் தானாக எந்தக் குறியாக்கமும் இல்லை. விருந்தாளிகள் இருக்கும் நெட்வொர்க்கில் அதை ஓட விடக் கூடாது. ஆனால் எங்கள் நோய்க்கு இது மருந்தே அல்ல. விழுந்தது லேன் கார்டு, குரல் போவதும் லேன் வழியே. எவ்வளவு நல்ல சிங்க் கேபிள் போட்டாலும் மணி அடித்தால் நெட் போகும். சிங்க் கேபிள் மாற்றியும் சரியாகவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். இந்த வீடுகளில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைத் தோண்ட முடியாது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று பூசிய சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தேக்கு உத்தரத்தின் மேல்பக்கமாக, கீழிருந்து பார்த்தால் தெரியாமல் கேபிளை இழுத்தோம். தாமிரக் கேபிள் என்றால் 100 மீட்டர் எல்லை, தவிர இரண்டு முனைக்கும் நடுவே இடிக்குப் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. அதனால் ஃபைபர் போட்டேன். மீடியா கன்வெர்ட்டர் வைப்பவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: எதிர்முனை செத்தாலும் இந்தப் பக்கம் லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் வகை உண்டு. விளக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அடுத்தது தானியங்கி சிங்கை நிறுத்திவிட்டு, வேண்டும்போது கையால் தட்டிவிடுவது. பெட்டியில் ஓடும் ஃபயர்வால் மென்பொருளைப் பொறுத்து இது மாறும். பிஎஃப்சென்ஸில் மேலாளில் சேமித்த உடனே நகல் போய்விடும். ஓபிஎன்சென்ஸில் நாமாகத் தள்ளினால்தான் போகும், வேண்டுமானால் நேரம் குறித்து வைக்கலாம். கைமுறை என்றால் விழுகிற நேரம் நம் கையில். ஆனால் விழுவது நிற்கவில்லை, அதிகாலைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய ஆபத்து மறதி. ஒரு முறை சிசிடிவிக்கு ஒரு போர்ட் திறந்தேன், தள்ள மறந்தேன். மூன்று வாரம் கழித்து முகப்பு யூபிஎஸ் படுத்து அடுத்தாள் பொறுப்பேற்றபோது கேமரா மட்டும் வரவில்லை. அதற்கு அரை நாள் தேடினேன். அடுத்தாளின் பேரேடு பழசு என்பது அது உட்காரும் வரை தெரியாது. தினமும் விதி மாற்றுகிற இடத்துக்குக் கைமுறை சரிவராது. மாதம் ஒரு மாற்றம் செய்கிற ஹோட்டலுக்குச் சரி.

மூன்றாவது, சிங்க் ஆகும் பகுதிகளைக் குறைப்பது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் நம் பழக்கம். விதிகள், அலையஸ் (முகவரிகளுக்கு வைத்த பெயர்ப் பட்டியல்), நாட் (முகவரி மாற்றம்), டிஎச்சிபி (முகவரி வழங்கல்) போகட்டும். கார்டைத் தொடுகிற ஊடுருவல் கண்காணிப்பை மட்டும் எடுத்துவிடலாம். எங்கள் நோயின் வேரில் கை வைக்கிற வழி இதுதான். விலை என்ன? அந்த ஒரு பகுதியை இரண்டு பெட்டியிலும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். வெட்டும்போது கவனம் வேண்டும். விதிகளை அனுப்பிவிட்டு, அவை சுட்டுகிற அலையஸை அனுப்பாமல் விட்டால் அடுத்தாளில் விதி அந்தரத்தில் தொங்கும். இன்டர்ஃபேஸ் வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் உதைக்கும். ஒன்றில் விருந்தாளி நெட்வொர்க் ஆப்ட்1 என்ற இன்டர்ஃபேஸ், மற்றதில் ஆப்ட்2 என்றால் விருந்தாளிக்கு எழுதிய விதி அலுவலகத்தில் போய் உட்காரும். பொது முகவரிகளையும் சிங்க் செய்தால் ஸ்கியூ எண்ணை அதுவே கூட்டிக்கொள்ளும். அடுத்தாளில் கையால் திருத்தப் போகாதீர்கள், அடுத்த சிங்கில் அழிந்துவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுவது அடுத்தாள் பக்கம் அல்ல, மேலாள் பக்கம் என்றால் கதையே வேறு. மேலாளில் ஒரு இன்டர்ஃபேஸின் எம்டியூவையோ (பாக்கெட்டின் உச்ச அளவு) ஹார்டுவேர் ஆஃப்லோட் அமைப்பையோ (சில வேலைகளைக் கார்டிடமே விடுவது) மாற்றிச் சேமித்தால் சில கார்டுகள் அந்த நொடியே லிங்கை உதறிவிட்டு எழும். பிரீஎம்ப்ட் (தகுதி கூடியது பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் முறை) இயங்கும் ஜோடியில் ஒரு இன்டர்ஃபேஸ் விழுந்தாலே மேலாள் தன் தகுதியை 240 குறைத்துக்கொண்டு எல்லா இன்டர்ஃபேஸையும் அடுத்தாளிடம் கொடுத்துவிடும். எழுந்ததும் திரும்பப் பிடுங்கும். ஒரு சேமிப்புக்கு இரண்டு தடவை ஆட்டம். பழியோ சிங்க் மேல் விழும், இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால். இதற்கு வழி எளிது. மாற்றம் செய்வதற்கு முன் மேலாளை மெயின்டனன்ஸ் மோடில் போட்டு, கைமாறியதும் நிதானமாக வேலை பார்த்துவிட்டு, பிறகு எடுங்கள்.

நான்காவது, ஸ்விட்சும் கார்டும். காசில்லாத மருந்து இங்கே இருக்கிறது. ஃபயர்வால் செருகியிருக்கும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிட்டால் முப்பது வினாடிக் காத்திருப்பே கிடையாது. லிங்க் வந்த கணமே திறந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஃபயர்வாலுக்குள் இரண்டு கார்டைப் பிரிட்ஜ் செய்திருந்தால் (ஒரே நெட்வொர்க்காக இணைத்திருந்தால்) இதைச் செய்யாதீர்கள், நெட்வொர்க் வட்டம் சுற்றும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கையும், அதாவது பலருக்கு ஒன்றாகப் போகும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டைக் கேட்டவருக்கு மட்டும் கொடுக்கும் ஸ்விட்ச் வசதியையும், ஒரு பார்வை பாருங்கள். கார்ப் குரல் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. ஸ்விட்ச் அதைத் தேவையற்றது என்று வடிகட்டிவிட்டால் இரண்டு பெட்டியும் நிரந்தரமாக மாஸ்டர் என்று உட்கார்ந்துகொள்ளும். அடுத்தாளில் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியை வைத்து, கார்ப்பின் எண்ணான புரோட்டோகால் 112 வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். இந்த 112, இதே வேலையைச் செய்யும் விஆர்ஆர்பி என்ற முந்தைய முறையின் எண்ணும்தான். விஆர்ஆர்பி மேல் பேடன்ட் சிக்கல் இருந்ததால் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆட்கள் கார்ப்பை எழுதினார்கள், 2004இல் 3.5 பதிப்போடு வெளியிட்டார்கள், தனி எண் கிடைக்காமல் இதையே எடுத்துக்கொண்டார்கள். பொது மேக்கின் முன்பகுதியும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் அதே கம்பியில் வேறு யாராவது விஆர்ஆர்பி ஓட்டினால் குழு எண் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாகில் வாட்ச்டாக் டைம்அவுட் (கார்டு பதில் தரவில்லை) என்று வந்தால் சிங்கை ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள், கார்டை மாற்றுங்கள்.

கடைசி வழி, ஜோடியே வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஆறு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒழுங்கான ஜோடிக்கு வேன் பக்கம் மூன்று முகவரி வேண்டும்: பெட்டிக்கு ஒன்று, பொதுவாக ஒன்று. இங்கே வீட்டு ஃபைபர் இணைப்பில் கிடைப்பது ஒன்று, அதுவும் பெரும்பாலும் டயல் செய்து வருகிற பிபிபிஓஇ. அதோடு கார்ப் சுகமாக ஒத்துப்போகாது. எங்கள் ஹோட்டலில் ஃபைபர் பெட்டியையே ரவுட்டராக விட்டு, அதற்குப் பின்னால் தனியார் முகவரியில் இரண்டு ஃபயர்வாலையும் வைத்திருக்கிறேன். இரட்டை நாட், அழகில்லை, ஓடுகிறது. சிறிய இடத்துக்கு இந்தச் சுற்றெல்லாம் எதற்கு? அதே மாடல் பெட்டி இன்னொன்று அலமாரியில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கான்ஃபிக் கோப்பை இறக்கி வையுங்கள். ஓடுவது செத்தால் கேபிள்களை மாற்றி, கோப்பை ஏற்றினால் முடிந்தது. அதே மாடல் என்பது முக்கியம். கார்டின் பெயர் மாறினால் இன்டர்ஃபேஸை எல்லாம் மறுபடி ஒதுக்கச் சொல்லிக் கேட்கும், அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள். கேபிள்களில் எண் எழுதி ஒட்டியிருந்தால் ஆச்சிகூட மாற்றிவிடுவார். ஆனால் இரவு பன்னிரண்டுக்குப் பெட்டி செத்தால் விடியும் வரை நெட் இல்லை. அதைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆறு அறைக்குத் தாங்கும். முகூர்த்த நாளில் வீடு நிறைந்து, வாசலில் பணம் கட்ட ஆள் நிற்கும்போது எங்களுக்குத் தாங்காது.

நான் செய்தது நான்காவதும் மூன்றாவதும் சேர்ந்த கலவை. எட்ஜ் போர்ட்டை முதலில் போட்டேன், வேறெதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த மணியில் அடுத்தாளின் சொந்த முகவரி மட்டும் சில பிங் விட்டது, பொது முகவரி அசையவில்லை. விருந்தாளி பார்வையில் அங்கேயே நோய் தீர்ந்தது. மறுநாள் கண்காணிப்பை சிங்க் பட்டியலிலிருந்து எடுத்தேன், அடுத்தாளும் விழுவதை நிறுத்தியது. மணிக்கு ஒரு சிங்க் என்பதைத் தினம் அதிகாலை மூன்றரைக்கு ஒன்று என்று மாற்றினேன். முழுக் கைமுறைக்குப் போக மனம் வரவில்லை, சிசிடிவி ஞாபகம் இருந்தது. கண்காணிப்பை வேன் பக்கம் மட்டும் வைத்தால் போதுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் முடித்து மறுபடி மூன்று ஜன்னல் திறந்து, கடிகாரத்தின் கீழ் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு அது அடிக்கவே இல்லை. ரிசப்ஷன் பையனைக் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு, கல்யாணப் பார்ட்டி வந்த அன்றே மேனேஜர் சொல்லி ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டதாகச் சொன்னான். வீட்டுக்கார ஆச்சி பின்கட்டிலிருந்து வந்து, "அப்பச்சி காலத்துல இருந்து நிக்காத கடிகாரம், எவன் நிறுத்தினான்?" என்று கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.